பதினொரு சட்டகங்கள்

செவ்வாய்க்கிழமைகளில் வருவாள் சோய்லெ.
பூட்ஸில் அப்பிய பனியை வாசல் கம்பியில் தட்டிவிட்டு
ஈரக் காலுறையோடு உள்ளே நடப்பாள்.
அதே டப்பா. அதே சுருள்.
எட்டு நிமிடம் பன்னிரண்டு விநாடி.

தம்பெரேயில், மூடிய நூலாலை ஒன்றின் பின்கட்டில்
எங்கள் காப்பகம்.
படச்சுருளுக்குக் குளிர் வேண்டும், ஆளுக்குச் சூடு வேண்டும்.
இரண்டுக்கும் நடுவே என் மேசை.

படத்தில் நடப்பது இவ்வளவுதான்:
உறைந்த ஏரியின்மேல் ஒரு பெண்
நிலையோடு பெயர்த்த கதவைச்
சறுக்குவண்டியில் வைத்து இழுத்துப் போகிறாள்.
வீடு தெரியவில்லை. கரையும் தெரியவில்லை.
நடுவழியில் இறக்குகிறாள், பனியில் நட்டு நிறுத்துகிறாள்,
திறந்து அந்தப் பக்கம் போய் மூடுகிறாள்.
திரும்பவும் வண்டியில் ஏற்றுகிறாள்.
போய்ச் சேருமுன் படம் முடிந்துவிடுகிறது.

எடுத்தவர் யால்மரி வெசன்தோ,
தந்தி அலுவலக எழுத்தர்.
அதற்கு முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை.

இதைப்பற்றி
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள்.

"நீளமாக ஒரு படம் கிடைக்கவில்லையா உனக்கு?"
ஒருநாள் கேட்டேவிட்டேன்.
கைஎண்ணியை அழுத்தியபடியே சொன்னாள்:
"துவைத்ததில் சுருங்கிப்போன சட்டை என்று
நினைக்கிறீர்கள் இதை.
நீளப்படத்தில் காலம் நடந்துபோகும்.
இதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்?
என் ஆய்வே அவ்வளவுதான்."
பிறகு, எரிச்சலோடு:
"பேசவைத்து எண்ணிக்கையைக் கெடுத்துவிட்டீர்கள்."

பதினோராயிரத்து எண்ணூற்று எட்டு சட்டகங்கள்.
மூன்று முறை எண்ணி மூன்று முறையும் அதே.

மூன்றாம் அத்தியாயம் ஒரு தாவலைப் பற்றியது.
கைப்பிடியில் பெண்ணின் கை.
அடுத்த சட்டகத்தில் கதவு ஏற்கெனவே மூடியிருக்கிறது.
மூடும் கணம் மட்டும் இல்லை.
'விடுபட்ட மூடல்' என்று பெயர் வைத்தாள்.
நாற்பத்தொரு பக்கம்.
பெர்கனில் ஒரு கருத்தரங்கில் வாசித்தாளாம்,
கெண்ட் நகரத்துப் பேராசிரியர் ஒருவர்
எழுந்து நின்று சண்டை போட்டாராம்.
சிரித்துக்கொண்டே சொன்னாள். கன்னம் சிவந்திருந்தது.

நான் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.
சர்க்கரை போடவே இல்லை என்பது
அப்புறம்தான் தெரிந்தது.

எண்பத்தேழு மார்ச்.
புரொஜெக்டரின் பல் ஓரத்துளைகளைக் கிழித்துவிட்டது.
பிளேடால் வெட்டினேன். நாடா போட்டு ஒட்டினேன்.
பதிவேட்டில் எழுதினேன்: பழுது நீக்கப்பட்டது.
வெட்டிய துண்டை
இருமல் மிட்டாய் டப்பாவில் போட்டேன்.
எறிய மனம் வரவில்லை என்று சொன்னால் அழகாக இருக்கும்.
மறந்துபோனேன், அதுதான் நிஜம்.

மூன்று செவ்வாய் வாயைத் திறக்கவில்லை.
நாலாவது செவ்வாய்
டப்பாவை அவள் பென்சில்களுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஒளிமேசையில் பரப்பினாள்.
உருப்பெருக்கியை வைத்துக் குனிந்தாள்.
நெடுநேரம் முதுகு மட்டுமே தெரிந்தது.
பிறகு நகர்ந்து இடம் விட்டாள், என்னையும் பார்க்கச் சொல்லி.

கதவு மூடிக்கொண்டே வருகிறது.
ஒன்பதாவதில்
இடுக்கு வழியே அந்தப் பெண்
கண்ணை உயர்த்தி நேரே பார்க்கிறாள்.
யால்மரியையா, எங்களையா.
பத்தாவதில் தாழ்த்திவிடுகிறாள்.

"அரை விநாடிகூட இல்லை இது,"
என்றேன், மன்னிப்புக் கேட்பது போல.
"தெரியும்," என்றாள்.
பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் அவகாசம் கேட்டாள்.

அடுத்த செவ்வாயும் வந்தாள்.
பனியைத் தட்டினாள், சுருளை ஏற்றச் சொன்னாள்.
"திரும்ப ஒட்டிவிடட்டுமா?"
"இப்போது வேண்டாம்."

அவள் கழிப்பறைக்குப் போன நேரம்
மேசைமேல் மூன்றாம் அத்தியாயம் விரிந்து கிடந்தது.
ஒரு வரிகூட அடிக்கப்படவில்லை.
தலைப்பின் கீழே, இயக்கியவர் என்ற இடத்தில்,
யால்மரி வெசன்தோவுக்குப் பக்கத்தில்
பென்சிலால் என் பெயர்,
ஒரு கேள்விக்குறியோடு.